பச்சை வீட்டு மருமகள்

குழந்தைக்கு முதல்முறையாக ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நித்திலனுக்கு அப்போது ஒரு வயது ஆகியிருக்கவில்லை. முகம் வெளுத்து, வயிறு மட்டும் ஊதி, பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தான். நர்ஸ் நரம்பு தேடித் தேடிக் கடைசியில் பாதத்தில் ஊசி ஏற்றினாள். அழுது ஓய்ந்து அவன் கண்ணயர்ந்த நேரம். பிள்ளை காலை உதறிவிடாமல் இலக்கியா முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற கலாவதி குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்.

“என் மகன் பச்சை. அப்ப இந்தப் பிள்ளைக்கு யாருகிட்டேர்ந்து வந்துச்சு இது?”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இலக்கியாவுக்குக் கேள்வி உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது உடம்பெல்லாம் தீப்பற்றியது போலிருந்தது. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கௌசிக் ரத்தப் பையிலிருந்து இறங்கும் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கேட்டது அவன் காதில் விழாமல் இல்லை.

குருதிக் குறிச் சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. சட்டம் வந்ததற்குக் காரணம் நல்ல காரணம்தான். தலசீமியா குழந்தைகளால் ஆஸ்பத்திரி வார்டுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மாதாமாதம் யாராவது ரத்தம் கொடுத்தால்தான் பிழைக்கும் குழந்தைகள். அவர்களைப் பெற்றவர்களோ எந்த நோயும் இல்லாமல் நன்றாகவே இருந்தார்கள். ரத்தத்தில் அந்தக் குறையின் ஒற்றைப் பங்கைச் சுமப்பவர்களுக்கு அதனால் தொல்லை ஏதும் கிடையாது. சுமக்கும் இருவர் சேர்ந்து பிள்ளை பெறும்போது, நாலில் ஒரு வாய்ப்பில் அந்தப் பிள்ளைக்கு இரண்டு பங்கும் வந்து சேர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அரசு ஊர் ஊராக முகாம் போட்டது. கிளிப் மாதிரி ஒரு கருவிக்குள் விரலை நீட்டினால் எறும்பு கடித்தாற்போல் ஒரு குத்து. சற்று நேரத்தில் கைபேசியிலுள்ள அடையாள அட்டையில் வட்டமாக ஒரு நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுமக்கிறவருக்கு மஞ்சள், சுமக்காதவருக்குப் பச்சை. இரண்டு மஞ்சள்கள் கல்யாணம் பதிவு செய்ய முடியாது.

கருவி உள்ளே எந்த எண்ணைப் பார்த்தது என்பதை யாருக்கும் காட்டுவதில்லை. எண்களைக் காட்டினால் மக்கள் குழம்பிப்போவார்கள் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் பரிசோதனை. மரபணு மாறாது, ஆகவே குறியும் மாறாது என்று ஒவ்வொரு முகாமிலும் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள்.

செம்மணல்பட்டியில் முகாம் போட்ட முதல் நாளிலேயே கௌசிக், அவன் அப்பா பழனிவேல், அம்மா கலாவதி மூவரும் பச்சை வாங்கிவிட்டார்கள். தெருவில் அதற்குப் பிறகு அது பச்சை வீடு. கௌசிக் மாந்தோப்புகளுக்கு ட்ரோனில் மருந்தடிக்கிறவன். மாங்கூழ் ஆலையில் வேலை பார்த்த இலக்கியாவை அவன் விரும்பியபோது, அவள் மஞ்சள் என்று தெரிந்தும் கலாவதி சம்மதித்தாள். எங்க பையன் பச்சையா இருக்கிறதால உன்னை எடுத்துக்கிறோம் என்று பெண் பார்க்க வந்த இடத்திலேயே சொன்னாள். பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். இலக்கியாவின் அப்பா கண்கலங்கி நன்றி சொன்னார். அதை நினைக்கும்போதெல்லாம் இப்போது இலக்கியாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு யாரும் அவளை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கௌசிக் முன்கூடத்தில் படுத்துக்கொண்டான். தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது. ஆலையில் அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, யாரா இருந்தாலும் சொல்லிடு, அந்த ஆளும் ரத்தம் கொடுக்கட்டும் என்றாள். இலக்கியா அவளை அறையப் போனதைச் சூப்பர்வைசர் வந்து தடுக்கவேண்டியிருந்தது.

ரத்தம் ஏற்ற அடுத்த முறை போனபோது அவள் தனியாகத்தான் போனாள். குழந்தைகள் வார்டின் ரத்தநோய் மருத்துவர் ரெஜினா அவளைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். பிள்ளைக்கு இரண்டு பங்கும் இருப்பதில் சந்தேகமே இல்லை, ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, இன்னொன்று அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றார்.

“வேற யாரும் கெடையாது டாக்டர்” என்றாள் இலக்கியா. சண்டைக்கு நிற்கிறவளின் குரலில் அது வெளியே வந்தது.

“நான் அதைக் கேக்கல. முகாம்ல விரலைக் கொடுத்தப்ப உங்க வீட்டுக்காரர் உடம்பு எப்படி இருந்துச்சு? அதுதான் எனக்குத் தெரியணும்.”

அவர் விளக்கினார். ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் சில வகைகள் உண்டு. ஏ-டூ என்பது அதில் ஒன்று. இந்தக் குறையைச் சுமக்கிறவர்களிடம் ஏ-டூ கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கருவி அந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறது. நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் போனால் மஞ்சள், போகாவிட்டால் பச்சை.

“உடம்புல இரும்புச்சத்து ரொம்பக் கொறஞ்சு கெடந்தா அந்த எண்ணும் கூடவே எறங்கிடும். மேல நிக்கவேண்டியவர் கோட்டுக்குக் கீழ வந்துடுவார். மெஷின் பச்சைன்னு சொல்லிடும். சிவப்பணு சின்னதா இருக்கான்னு பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். இரும்பைச் சரி பண்ணிட்டு மறுபடி எடுத்தா உண்மை தெரிஞ்சிடும். மறுபடி எடுக்கறதுக்குத்தான் சட்டத்துல இடம் இல்லையே.”

“மரபணு மாறாதுன்னு எழுதி வெச்சிருக்காங்களே டாக்டர்.”

“மாறாது. ஆனா அந்த மெஷின் மரபணுவைப் பாக்கல. அன்னைக்கு உடம்புல ஓடின ரத்தத்தைப் பார்த்துச்சு. ரத்தம் மாறும்.”

இது யார் யாருக்குத் தெரியும் என்று இலக்கியா கேட்டாள். ரத்தம் பற்றிப் படித்த எல்லா டாக்டருக்கும் தெரியும் என்றார் ரெஜினா. இரண்டு முறை மேலே எழுதியதாகவும், இப்படி நேர்வது மிகக் குறைவு, மக்களின் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று பதில் வந்ததாகவும், அதற்குப் பிறகு எழுதவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது மேஜையைப் பார்த்துக்கொண்டார். இத்தனை பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம். தெரிந்துகொண்டே ஜனங்களின் விரல்களைக் கருவிக்குள் விடவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இலக்கியாவுக்கு அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. பிள்ளை மடியில் இருந்ததால் சும்மா இருந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் கௌசிக் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்ன கதை. இருபத்தோரு வயதில் அவனுக்கு மூல நோய். ஒரு வருடத்துக்கு மேல் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிய பிறகுதான் பெங்களூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டான், வீட்டில் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டு. முகாம் நடந்தது அவன் பெங்களூருக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்பு.

வீட்டுக்கு வந்ததும் அவனைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னாள். டாக்டர் விளக்கிய ஒவ்வொன்றையும் சொன்னாள். ரத்தம் போன விஷயத்தை அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து மறுபடி ரத்தம் கொடு என்றாள். அந்த விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றான். அரசாங்கம் கொடுத்த குறி எப்படித் தப்பாகும் என்றும் கேட்டான்.

இலக்கியா அவனையே பார்த்தாள். அவனுக்கு வெட்கம் மட்டும் இல்லை, ஊர்ப் பேச்சைப் பாதி நம்பவும் செய்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

“உனக்கு மூலம்னு சொல்ல வெக்கம். உன் பொண்டாட்டி எவன்கூடயோ போனாள்னு ஊரு சொல்றப்ப வெக்கமா இல்ல?”

அவன் உள்ளே போய்விட்டான்.

சில நாள் கழித்துப் பழனிவேல் இரு வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிவைத்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதிலும் ஒழுங்கு வேண்டும் என்பார். குழந்தைக்குத் தகப்பன் யார் என்று பரிசோதனை செய்துவிடலாம், அதுதான் நியாயம் என்றார். இலக்கியாவின் அப்பா தலையைக் குனிந்தபடி சம்மதிக்கப் போனார். இலக்கியா எழுந்து நின்றாள்.

செய்யலாம் என்றாள். பிள்ளையின் ரத்தத்தை எடுக்கும் அதே நாளில், அதே இடத்தில், கௌசிக்கும் தலசீமியாவுக்கு முழுப் பரிசோதனை கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை பொருந்துமா என்று பார்ப்பதற்காகப் பெற்றவர்கள் ரத்தத்தைச் சோதிக்க டாக்டருக்கு அதிகாரம் இருக்கிறது, யாரும் தடுக்க முடியாது. அவன் கொடுக்காவிட்டால் பிள்ளையின் ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. எங்க பையன் ஏன் கொடுக்கணும் என்று கலாவதி ஆரம்பித்தாள். பழனிவேல் கையமர்த்தினார். பச்சை பச்சையாகத்தானே வரப்போகிறது, கொடுக்கட்டும் என்றார்.

முடிவுகள் வந்த அன்று நாலு பேருமாகப் போனார்கள். நித்திலன் இலக்கியாவின் தோளில் இருந்தான். ரெஜினா தகப்பன் பற்றிய முடிவை முதலில் சொல்லிவிட்டார். பிள்ளை கௌசிக்கின் பிள்ளை. பிறகு இன்னொரு தாளைக் கௌசிக்கின் கையில் கொடுத்து அவனையே படிக்கச் சொன்னார். எங்கே பார்க்கவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார். ஏ-டூ ஐந்துக்கு மேல் இருந்தது. சிவப்பணுக்களின் அளவு இருக்கவேண்டியதை விடச் சிறிதாக இருந்தது. இரும்புச்சத்து இப்போது சரியாக இருந்தது.

“இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“நான் மஞ்சள்” என்றான் கௌசிக்.

அவன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மூல நோயைப் பற்றியும் அப்போதுதான் சொன்னான், அழுகைக்கு நடுவே. இலக்கியா இந்த நிமிஷத்தைப் பல நாளாக மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். அவன் அழுவதைப் பார்க்கையில் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆறுதல் வரவில்லை. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டர் கையெழுத்திட்ட சான்றோடு அங்கிருந்து நேரே குருதிக் குறி அலுவலகத்துக்குப் போனார்கள். கூடத்தில் இளம் பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். கருவியின் முன் ஒரு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அலுவலர் உமாபதி அவர்களைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். மரியாதையான மனிதர். சான்றை இரண்டு தடவை படித்தார். அவருக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை என்பதை இலக்கியா கவனித்தாள்.

குறியை மாற்ற வழி இருக்கிறது என்றார். கணவன், மனைவி இருவரும் விரல் ரேகை வைத்தால் இப்போதே மாற்றிவிடலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

“இவர் மஞ்சள்னு ஏறின அடுத்த நொடி ரெண்டு பேரும் மஞ்சள் ஆயிடுவீங்க. உங்க கல்யாணப் பதிவு தானா நீங்கிடும். என்னால நிறுத்த முடியாதும்மா. சிஸ்டம் அப்படி.”

உமாபதி தொடர்ந்தார். உண்மை இப்போது குடும்பத்துக்குத் தெரிந்துவிட்டது. குறியை அப்படியே விட்டுவிட்டுச் சந்தோஷமாக வாழலாம். இந்த மாதிரி வருகிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

முக்கால்வாசிப் பேர். அப்படியானால் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்தக் கதவைச் சாத்தி, இதே நாற்காலிகளில் உட்காரவைத்து, இதே குரலில் இவர் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

கௌசிக் அவள் கையைப் பிடித்தான். பல வாரத்துக்குப் பிறகு பிடிக்கிறான். விட்டுடலாம் இலக்கியா, நமக்குத் தெரிஞ்சா போதும் என்று கெஞ்சினான். கலாவதியும் சேர்ந்துகொண்டாள். நடந்ததை மறந்துவிடு, வீட்டுக்கு வா, நான் உன்னைக் கண்ணாக வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவள் குரலில் ஒரு பதற்றம் இருந்தது. இலக்கியாவுக்கு அதன் காரணம் தெரியவில்லை. அதுவரை சும்மா இருந்த பழனிவேல் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

“ஒண்ணு கேக்கணும் சார். ஒருத்தனுக்கு இது அப்பாகிட்டேர்ந்தோ அம்மாகிட்டேர்ந்தோதானே வரும்? நானும் பச்சை, இவளும் பச்சை. அப்ப என் மகனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

உமாபதி மேஜைமேலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். பழனிவேல் மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளை, யாரென்று தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கலாவதியின் உதடுகள் அசைந்தன. அந்த முகத்தை இலக்கியாவுக்கு நன்றாகத் தெரியும். வார்டில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றபோது தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். இப்போது தான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். வேறொன்றும் செய்யவேண்டாம். வீடு திரும்பிய பிறகு மிச்சத்தைப் பழனிவேலே பார்த்துக்கொள்வார். அந்த எண்ணம் வந்ததும், நிமிஷ நேரம் அது இனித்ததும் உண்மை.

“அத்தையை அப்படிப் பாக்காதீங்க மாமா” என்றாள். “மெஷின் ஒருத்தருக்குப் பொய் சொல்லுச்சுன்னா இன்னொருத்தருக்கும் சொல்லியிருக்கும். அத்தைக்கு இருக்கலாம், உங்களுக்கும் இருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் மறுபடி விரலைக் கொடுங்க. அதுவரைக்கும் வாயைத் தொறக்காதீங்க.”

அந்த வீட்டில் பழனிவேலிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

இலக்கியா கையை விடுவித்துக்கொண்டு உமாபதியின் பக்கம் திரும்பினாள். மாத்துங்க சார் என்றாள். கௌசிக் வேண்டாம் என்றான். அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள்.

“நாலு சுவருக்குள்ள நான் நல்லவளா இருந்தா உனக்குப் போதும். எனக்குப் போதாது. நாளைக்கு இவன் பெரியவனாகி உன் பச்சையையும் என் மஞ்சளையும் பார்த்துட்டு என்கிட்ட வந்து நிப்பான். அவனும் கேக்கணுமா அந்தக் கேள்வியை?”

அவள் விரலை வைத்தாள். பிறகு, அழுதுகொண்டே, கௌசிக்கும் வைத்தான். அவன் செய்த ஒரே சரியான காரியம் அது. இரண்டு கைபேசிகளும் அடுத்தடுத்து ஒலித்தன. அவனுடைய அட்டையில் வட்டம் மஞ்சளாகியிருந்தது. அதற்குக் கீழே இருவருக்கும் ஒரே செய்தி வந்திருந்தது. திருமணப் பதிவு நீக்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா வீட்டுக்குப் போகலாமா, ஆலைக்குப் பக்கத்தில் அறை பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே கூடத்தைக் கடக்கும்போது பின்னால் சலசலப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கலாவதி வரிசையை விலக்கிக்கொண்டு போய்க் கருவியின் முன் நின்று விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். கருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, உங்களுக்குத்தான் ஏற்கெனவே பச்சை இருக்கே, மறுபடி எடுக்க முடியாதும்மா, நகருங்க என்றாள்.

கலாவதி விரலை எடுக்கவில்லை.

“அப்ப எனக்கு மாசம் பூரா போய்க்கிட்டே இருந்துச்சு தாயி. துணி துணியா போச்சு. கர்ப்பப்பையை எடுக்கற வரைக்கும் நிக்கல. முகாம்ல ஒருத்தரும் அதைக் கேக்கல. நானும் சொல்லல. இப்பச் சொல்றேன், எடு.”

கூடம் முழுவதும் கேட்டது. இளைஞர்கள் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ ஒருவன் நேரமாகிறது என்று கத்தினான். காவலாளி எழுந்து வந்தான். வரிசையில் முன்னால் நின்ற மெலிந்த பெண்ணொருத்தி கருவியை நோக்கி நீட்டியிருந்த தன் விரலை மெதுவாக மடக்கிக்கொண்டு கலாவதியைப் பார்த்தாள்.

இலக்கியா அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. கலாவதி வார்டில் கேட்டதை மன்னிக்கவும் அவளால் முடியாது. ஆனாலும் நடந்து போய், பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, காவலாளியின் கை எட்டாதபடி மாமியாரின் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள்.